டேவிட் போவி: மேடையும் திரையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐம்பது ஆண்டு பாடிய பிரிட்டிஷ் பாப் பாடகர் டேவிட் போவி, இடையிடையே படங்களிலும் நாடகங்களிலும் நடித்தார். பாட்டைத் தெரிந்தவர்களுக்குப் படங்கள் தெரிவதில்லை. 'தி பிரெஸ்டீஜ்' பார்த்தவர்களில் பலருக்கு அதில் விஞ்ஞானி நிக்கோலா டெஸ்லாவாக வந்தவர் யாரென்றே தெரியாது. இரண்டு பக்கமும் வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

போவி என்பது உண்மைப் பெயரா? எப்படி உச்சரிப்பது?

இயற்பெயர் டேவிட் ராபர்ட் ஜோன்ஸ். 1947 ஜனவரி 8 அன்று லண்டனின் பிரிக்ஸ்டனில் பிறந்தவர். வளர்ந்தது புறநகரான பிராம்லியில். அறுபதுகளின் நடுவில், பின்னாளில் மங்கீஸ் என்ற பாப் குழுவால் புகழ்பெற்ற டேவி ஜோன்ஸோடு பெயர்க் குழப்பம் வரக்கூடாதென்று, 'போவி' என்ற வேட்டைக் கத்தியின் பெயரை எடுத்துக்கொண்டார். சட்டப்படி கடைசிவரை ஜோன்ஸ்தான். உயிலிலும் அப்படித்தான் இருந்தது. உச்சரிப்பில் முதல் எழுத்து நெடிலான 'போ'. 'பவ்வி' என்று சொல்பவர்கள் அமெரிக்காவிலும் உண்டு, அவர் சொன்னது 'போ-வி'.

இரண்டு கண்ணும் வெவ்வேறு நிறமாமே?

இல்லை. 1962இல் பள்ளித் தோழர் ஜார்ஜ் அண்டர்வுட்டுடன் ஒரு பெண்ணை முன்வைத்து வந்த சண்டையில் இடக்கண்ணில் குத்து விழுந்தது. கண்மணியைச் சுருக்கும் தசை செயலிழந்து, இடக்கண்ணின் கண்மணி எப்போதும் விரிந்தே நின்றுவிட்டது. கறுப்பு வட்டம் பெரிதானதால் சுற்றியுள்ள நீல வளையம் மெலிந்து, தூரத்தில் இருந்து பார்த்தால் அந்தக் கண் கறுப்பாகத் தெரியும். நட்பு கெடவில்லை. 1969 ஆல்பத்தின் பின்னட்டை ஓவியத்தை வரைந்தவர் அதே அண்டர்வுட்.

முதலில் வந்தது பாட்டா, நடிப்பா?

பாட்டுதான், ஆனால் தோல்விப் பாட்டு. பதின்ம வயதில் சாக்ஸபோன் கற்றார். சொல்லிக்கொடுத்தவர் ஜாஸ் கலைஞர் ரோனி ராஸ். முதல் சிங்கிள் (தனிப் பாட்டாக வரும் தட்டு) 'லிசா ஜேன்' 1964 ஜூனில் வந்தது, போன இடம் தெரியவில்லை. அடுத்தடுத்து வந்தவையும் அப்படியே. முதல் ஆல்பம் 1967 ஜூன் 1 அன்று வெளியானது. பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' பிரிட்டிஷ் கடைகளுக்கு வந்த அதே நேரம். யார் கவனிப்பார்கள்?

அந்தத் தோல்விதான் அவரை லிண்ட்சே கெம்ப் என்ற நாட்டியக்காரரிடம் கொண்டுபோய்விட்டது. கெம்பிடம் மைம் (பேசாமல் உடலசைவால் மட்டும் நடிப்பது) பயின்றார், அவர் குழுவோடு 'பியரோ இன் டர்குவாய்ஸ்' என்ற மேடை நிகழ்ச்சியிலும் தோன்றினார். பின்னாளில் அவர் நடிப்பில் எது நன்றாக இருக்கிறதோ அதெல்லாம் இந்தப் பயிற்சியில் இருந்து வந்தது என்பது எங்கள் கருத்து. வசனத்தில் அவர் எப்போதும் கொஞ்சம் விறைப்புத்தான். ஆனால் சும்மா நிற்பது, தலையைத் திருப்புவது, ஒரு கோப்பையைத் தூக்குவது இவற்றைப் பார்த்தால் கண் நகராது.

திரையில் முதல் வேடம் 'தி இமேஜ்' என்ற 14 நிமிடக் கறுப்புவெள்ளைக் குறும்படம். ஓவியத்தில் இருந்து இறங்கி வந்து ஓவியனைத் துரத்தும் உருவம். 1967இல் எடுத்து 1969இல் வெளியானது. அதே 1969இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய ஒரு குச்சி ஐஸ் விளம்பரத்திலும் வருகிறார். 'ஏலியன்' எடுப்பதற்குப் பத்து வருடம் முன்பு ஸ்காட்டுக்கும் அதுதான் பிழைப்பு.

'டேவிட் போவி' என்ற பெயரிலேயே இரண்டு ஆல்பம் இருக்கிறதே, எதை வாங்குவது?

பழைய தட்டு வாங்குபவர்கள் வழக்கமாக ஏமாறும் இடம் இது. 1967இல் டெரம் நிறுவனம் வெளியிட்டதும் 1969இல் ஃபிலிப்ஸ் வெளியிட்டதும் பிரிட்டனில் ஒரே தலைப்பில் வந்தன. இரண்டாவதை அமெரிக்காவில் வேறு தலைப்பில் விற்றார்கள். 1972இல் ஆர்சிஏ மறுபடி வெளியிட்டபோது 'ஸ்பேஸ் ஆடிட்டி' என்று மாற்றினார்கள். ஆக ஒரு தலைப்பில் இரண்டு ஆல்பம், ஒரு ஆல்பத்துக்கு மூன்று தலைப்பு. அட்டையை நம்பாமல் முதல் பக்கத்தின் முதல் பாட்டைப் பாருங்கள். 'அங்கிள் ஆர்தர்' என்றால் 1967. 'ஸ்பேஸ் ஆடிட்டி' என்றால் 1969. முதல்முறை கேட்பவருக்கு 1967 ஆல்பம் வேண்டாம்.

'ஸ்பேஸ் ஆடிட்டி' நிலவுப் பயணத்துக்காக எழுதிய பாட்டா?

நேரம் பார்த்து வெளியிட்டார்கள் என்பது சரி. 1969 ஜூலை 11 அன்று சிங்கிள் வந்தது. அப்பல்லோ 11 கிளம்பியது ஐந்து நாள் கழித்து. ஆனால் பாட்டில் விண்வெளி வீரர் திரும்பி வருவதில்லை, அதனால் வாழ்த்துப் பாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி, செய்தியை வைத்துக் காசு பார்க்கும் பாட்டு என்று நினைத்து விலகிக்கொண்டார். கஸ் டட்ஜன் செய்துகொடுத்தார். பின்னணியில் தேனீ போல ரீங்கரிப்பது ஸ்டைலோஃபோன். பேனா போன்ற ஒரு முனையால் தகட்டைத் தொட்டு வாசிக்கும், பொம்மை மாதிரியான கருவி. ஒலிநாடாவை வைத்து இயங்கும் கீபோர்டான மெலட்ரானை வாசித்தவர் ரிக் வேக்மன். பிரிட்டனில் 5ஆம் இடம் வரை போனது. 1975இல் மறுவெளியீட்டில் 1ஆம் இடம். 2013இல் கனடா விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் இதைச் சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே பாடிப் படம்பிடித்தார்.

ஜிக்கி ஸ்டார்டஸ்ட் அவருடைய இன்னொரு பெயரா?

பெயர் இல்லை, வேடம். பூமிக்கு வந்துபோகும் ஒரு ராக் நட்சத்திரப் பாத்திரத்தை எழுதி, அதைப் பற்றி ஒரு ஆல்பம் செய்து (1972 ஜூன்), பிறகு மேடையிலும் பேட்டியிலும் அந்தப் பாத்திரமாகவே வந்தார். ஜூலை 6 அன்று பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் 'ஸ்டார்மேன்' பாடியதுதான் திருப்பம். சிவந்த முடி, ஒட்டிய பலவண்ண உடை, நீல நிற 12 தந்திக் கிட்டார். பாட்டின் நடுவே கிட்டார் கலைஞர் மிக் ரான்சனின் தோளில் சாதாரணமாகக் கை போட்டார். 1972இல் இரண்டு ஆண்கள் டிவியில் அப்படி நின்றதே வீட்டுக்கு வீடு பேச்சானது.

1973 ஜூலை 3, லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில், இதுதான் கடைசி நிகழ்ச்சி என்று மேடையிலேயே அறிவித்தார். ரான்சனுக்கு முன்பே தெரியும். பாஸ் வாசித்த ட்ரெவர் போல்டருக்கும் டிரம்ஸ் வாசித்த வுடி வுட்மன்சிக்கும் தெரியாது. வேலை போனதை ரசிகர்களோடு சேர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஓய்வு பெற்றது ஜிக்கிதான், போவி அடுத்த ஆண்டே புதுக் குழுவோடு ஊர் ஊராகப் போனார்.

முதல் பெரிய பட வாய்ப்பு எப்படி வந்தது?

ஒரு டிவி ஆவணப்படத்தால். பிபிசிக்காக ஆலன் யென்டாப் எடுத்த 'கிராக்ட் ஆக்டர்' 1975 ஜனவரியில் ஒளிபரப்பானது. அதில் போவி, எலும்பும் தோலுமாக, அமெரிக்கச் சாலையில் ஓடும் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டே பேசுவார். அதைப் பார்த்த இயக்குநர் நிக்கோலஸ் ரோக், தன் வேற்றுக்கிரகவாசி கிடைத்துவிட்டான் என்று முடிவு செய்தார். 'தி மேன் ஹூ ஃபெல் டு எர்த்' அதே கோடையில் நியூ மெக்சிகோவில் படமானது, 1976இல் வெளிவந்தது. வறண்டுபோன தன் கிரகத்துக்காகத் தண்ணீர் தேடி வந்து, பூமியில் பணத்திலும் ஜின்னிலும் சிக்கிக்கொள்ளும் தாமஸ் ஜெரோம் நியூட்டன் என்ற வேடம். நியூட்டனின் கார் ஓட்டுநராக வருபவர், போவியின் நிஜ ஓட்டுநர் டோனி மாசியாதான்.

அப்போது அவர் கடுமையான கொக்கெய்ன் பழக்கத்தில் இருந்தார். படத்தில் தெரியும் வெளிறலும் மெலிவும் முழுவதும் மேக்கப் இல்லை. நன்றாக நடித்தாரா, அப்படியே இருந்தாரா என்ற வாதம் இன்னும் ஓடுகிறது. அறிபுனைப் படங்களுக்குத் தரப்படும் சாட்டர்ன் விருது, சிறந்த நடிகருக்கானது, கிடைத்தது.

படம் தேடும்போது நீளத்தைப் பாருங்கள். அமெரிக்க விநியோகஸ்தர் முதல் வெளியீட்டில் 20 நிமிடம் போல வெட்டிவிட்டார். கதை ஏற்கெனவே தாவித் தாவிப் போகும், வெட்டிய பிரதியில் தலையும் புரியாது வாலும் புரியாது. 139 நிமிடப் பிரதிதான் சரி.

அந்தப் படத்துக்கு அவர் இசையமைத்தாரா?

வேலை தொடங்கினார், படத்தில் வரவில்லை. ஜான் ஃபிலிப்ஸும் ஸ்டோமு யாமாஷ்டாவும் செய்த இசைதான் படத்தில் இருக்கிறது. ஆனால் படம் அவர் ஆல்பங்களுக்குள் வந்துவிட்டது: 'ஸ்டேஷன் டு ஸ்டேஷன்' (1976), 'லோ' (1977) இரண்டின் முகப்புப் படமும் இந்தப் படத்தில் இருந்து எடுத்தவை. 'லோ' அட்டையில் பக்கவாட்டு முகம், மேலே 'லோ' என்ற சொல். பக்கவாட்டு முகத்துக்கு ஆங்கிலத்தில் 'ப்ரொஃபைல்'. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் 'ஆரவாரமில்லாமல் இருப்பது'. வார்த்தை விளையாட்டு.

பெர்லின் ஆல்பங்கள் எனப்படும் 'லோ', 'ஹீரோஸ்', 'லாட்ஜர்' மூன்றும் பெர்லினில்தான் பதிவானவையா?

ஒன்றுதான் முழுக்க அங்கே. 'லோ' பெரும்பகுதி பிரான்ஸின் ஷாத்தோ டெரூவில்லில் பதிவாகி பெர்லினில் முடிந்தது. 'லாட்ஜர்' (1979) சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோவிலும் நியூயார்க்கிலும். 1977 அக்டோபரில் வந்த 'ஹீரோஸ்' மட்டுமே தொடக்கம் முதல் இறுதி வரை பெர்லின் சுவரை ஒட்டிய ஹான்சா ஸ்டூடியோவில். அவர் குடியிருந்த ஷோனபெர்க் பகுதி, ஹாப்ட்ஸ்ட்ராஸ 155ஆம் எண் வீட்டு வாசலில் இப்போது நினைவுப் பலகை இருக்கிறது. மேலே குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள், மணியடிக்க வேண்டாம்.

'ஹீரோஸ்' பாட்டில் குரல் போகப் போகப் பெரிதாகிறதே, எப்படிச் செய்தார்கள்?

ஒலிப்பதிவு பழகுபவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். இந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி மூன்று மைக் வைத்தார். ஒன்று வாயில் இருந்து 9 அங்குலத்தில் (சுமார் 23 செ.மீ.). இரண்டாவது 20 அடியில் (6 மீட்டர்). மூன்றாவது ஹாலின் மறுகோடியில், 50 அடியில் (15 மீட்டர்). தள்ளி இருந்த இரண்டு மைக்கிலும் 'நாய்ஸ் கேட்' என்ற சாதனத்தை இணைத்தார். வரும் ஒலி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் அந்தக் கதவு திறக்கும், தாழ்ந்தால் மூடிக்கொள்ளும்.

போவி மெதுவாகப் பாடத் தொடங்கும்போது முதல் மைக் மட்டும் வேலை செய்கிறது. காதருகே பேசுவது போல உலர்ந்த குரல். கொஞ்சம் உயர்த்தியதும் இரண்டாவது கதவு திறந்து ஹாலின் எதிரொலி சேர்கிறது. கத்தும்போது மூன்றாவதும் திறந்து மொத்தக் கட்டடமும் பாடுகிறது. நீங்கள் கேட்பது மெஷினில் பிறகு சேர்த்த எதிரொலி கிடையாது, அந்த ஹாலே.

வீட்டிலோ சிறு ஸ்டூடியோவிலோ இதைச் செய்து பார்ப்பவர்களுக்கு மூன்று இடத்தில் கெடும். முதலாவது, அறை. ஒலி ஒரு வினாடியில் சுமார் 343 மீட்டர் போகும். 6 மீட்டர் மைக்குக்கு 17 மில்லிசெகண்டும், 15 மீட்டர் மைக்குக்கு 44 மில்லிசெகண்டும் தாமதமாக வந்துசேர்கிறது. அந்தத் தாமதமும் ஹாலின் பதிலும் சேர்ந்ததுதான் விளைவு. பத்துக்குப் பத்து படுக்கையறையில் மைக்கை மூலைக்குத் தள்ளினால் குரல் தகர டப்பாவுக்குள் விழுந்தது போலத்தான் கேட்கும். மாடிப்படி, கல்யாண மண்டபம், காலியான பள்ளிக்கூட ஹால் கிடைத்தால் முயலுங்கள்.

இரண்டாவது, கேட் திறக்கும் அளவு. மிகக் குறைத்து வைத்தால் எல்லா மைக்கும் தொடக்கத்திலேயே திறந்துகொள்ளும், ஏறுமுகம் தெரியாது. மிக அதிகம் வைத்தால் சொல்லின் நடுவே படக்கென்று திறந்து மூடும். முழுப் பாட்டையும் ஒருமுறை பாடவிட்டு, எந்த வரியில் எந்த மைக் திறக்க வேண்டும் என்று காகிதத்தில் குறித்துக்கொண்டு, அந்த வரிகளுக்கு அளவு வையுங்கள். மூடும் வேகம் மெதுவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் எதிரொலியின் வால் அறுந்துபோகும்.

மூன்றாவதுதான் முக்கியம்: பாடகர். இந்த ஏற்பாடு பாடுபவரைக் கத்த வைக்கிறது. கதவைத் திறக்க அவர் உண்மையாகவே குரலை உயர்த்தியாக வேண்டும். மேலும் விஸ்கான்டியிடம் டேப்பில் ஒரே ஒரு ட்ராக்தான் மிச்சம் இருந்தது. மூன்று மைக்கும் அதிலேயே கலந்து போய்விடும், பிறகு பிரிக்க முடியாது, அடுத்த முறை பாடினால் முந்தையது அழியும். இன்று கணினியில் மூன்று மைக்கையும் தனித்தனியாகப் பதிந்து சாவகாசமாகக் கலக்கலாம். கலக்கிப் பாருங்கள், அந்தப் பதற்றம் வராது.

பின்னால் நீண்டு இழையும் கிட்டார் ராபர்ட் ஃப்ரிப் வாசித்தது. ஸ்பீக்கரில் இருந்து எவ்வளவு தூரம் நின்றால் எந்தச் சுரத்துக்கு ஃபீட்பேக் வரும் என்று பார்த்துத் தரையில் அடையாளம் போட்டுக்கொண்டு, சுரத்துக்குச் சுரம் இடம் மாறி நின்றார்.

கேட்கும்போது ஆறு நிமிட ஆல்பப் பிரதியைக் கேளுங்கள். ரேடியோவுக்காகச் சுருக்கிய மூன்றரை நிமிடப் பிரதியில் மேலே சொன்ன ஏறுமுகத்தில் பாதி போய்விடும். 2017 பெட்டித் தொகுப்பில் வந்த ரீமாஸ்டரில் பாட்டின் நடுவில் திடீரென ஒலி அளவு இறங்கும் பிழை இருந்தது. புகார் குவிந்ததும் நிறுவனம் திருத்திய தட்டுகளை மாற்றிக் கொடுத்தது. பழைய பெட்டியை இரண்டாம் கையாக வாங்கினால், தட்டு மாற்றப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

மேடை நாடகத்தில் நடித்தாரா, அல்லது பெயருக்குத் தோன்றினாரா?

முழுநேர வேடம். உடல் முழுவதும் உருக்குலைந்த ஜோசப் மெரிக் என்பவரின் வாழ்க்கையை வைத்து பெர்னார்ட் பாமரன்ஸ் எழுதிய 'தி எலிஃபன்ட் மேன்' நாடகம். 1980 ஜூலை இறுதியில் டென்வரில் தொடங்கி, சிகாகோ போய், செப்டம்பர் 23 முதல் 1981 ஜனவரி 3 வரை நியூயார்க் பிராட்வேயின் பூத் அரங்கில் நடித்தார்.

இந்த நாடகத்தில் மெரிக்குக்கு மேக்கப் கிடையாது. எழுதியவர் வைத்த நிபந்தனை அது. நடிகர் கிட்டத்தட்ட வெற்றுடம்போடு நிற்பார். அருகில் மருத்துவர் மெரிக்கின் படங்களைக் காட்டி ஒவ்வொரு உறுப்பாக விவரிக்க, அந்த அந்த இடத்தில் உடம்பு கோணிக்கொண்டே போகும். இடுப்பு சாய்கிறது, ஒரு கை தொங்குகிறது, வாய் ஒருபக்கம் இழுக்கிறது. பிறகு அந்தக் கோணலை நாடகம் முடியும்வரை விடக்கூடாது, அந்தக் கோணிய வாயால்தான் வசனமும். வாரத்துக்கு எட்டுக் காட்சி என்பது பிராட்வே வழக்கம். முதுகும் கழுத்தும் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசியுங்கள். கெம்பிடம் கற்றது இங்கே கைகொடுத்தது. தயாரிப்புக்காக லண்டன் மருத்துவமனைக்குப் போய் மெரிக்கின் எச்சங்களையும் பார்த்துவந்தார். அவர் நடிப்பு வாழ்க்கையின் உச்சம் இந்த மேடைதான், துரதிர்ஷ்டவசமாகச் சில துண்டுக் காட்சிகளைத் தவிர நமக்குப் பார்க்கக் கிடைப்பதில்லை.

இந்த நாடகத்தைப் பார்த்துத்தான் ஜப்பானிய இயக்குநர் நாகிசா ஓஷிமா அடுத்த படத்துக்கு அழைத்தார்.

1983இல் எல்லாமே ஒரே சமயத்தில் வந்தது எப்படி?

வெளிவந்தது ஒரே ஆண்டு, வேலை நடந்தது 1982இல். 'தி ஹங்கர்', 'மெர்ரி கிறிஸ்மஸ் மிஸ்டர் லாரன்ஸ்' இரண்டையும் முடித்துவிட்டு, ஆண்டின் கடைசியில் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவுக்குள் போனார். தயாரிப்பாளர் நைல் ராட்ஜர்ஸ் 'லெட்ஸ் டான்ஸ்' ஆல்பத்தை 17 நாளில் முடித்தார். அதில் போவி பாடியதோடு சரி, ஒரு கருவியும் வாசிக்கவில்லை. கிட்டார் சோலோ வாசித்த ஸ்டீவி ரே வான் அப்போது வெளியே அவ்வளவாகத் தெரியாத டெக்சாஸ்காரர். 1983 ஏப்ரலில் ஆல்பம் வந்தது. 'சீரியஸ் மூன்லைட்' பயணத்தில் 96 நிகழ்ச்சிகள்.

ஓஷிமா படத்தில் அவர் ஜாவாவில் ஜப்பானிய முகாமில் கைதியாக இருக்கும் ஜாக் செல்லியர்ஸ். முகாமை அமைத்தது குக் தீவுகளின் ராரோடோங்காவில். எதிரே நடித்த முகாம் தலைவர் ரியூச்சி சகமோட்டோவும் இசைக்கலைஞரே. படத்தின் இசையும் அவருடையது, அதற்கு பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருது வாங்கினார். போவியின் பாட்டு எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்: படத்தில் அவர் இசை இல்லை. 'தி ஹங்கர்' என்ற ரத்தக்காட்டேரிப் படத்தில் பார்க்க வேண்டிய இடம், மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்தபடியே சில மணி நேரத்தில் பல பத்தாண்டுகள் மூப்படையும் காட்சி. மேக்கப் டிக் ஸ்மித்.

'லேபிரிந்த்' படத்தில் அந்தக் கண்ணாடிப் பந்துகளை அவரே உருட்டினாரா?

இல்லை. பூத அரசனாக வரும் போவி கையில் பந்துகளை உருட்டுவது போலப் படத்தில் தெரியும். உண்மையில், மைக்கேல் மோஷன் என்ற வித்தைக்காரர் போவிக்குப் பின்னால் குனிந்து ஒளிந்துகொண்டு, போவியின் கை இருக்க வேண்டிய இடத்தில் தன் கையை நீட்டி உருட்டினார். மோஷனுக்குக் கேமராவும் தெரியாது, பந்தும் தெரியாது. கை உணர்வை மட்டும் நம்பிச் செய்தது. மறுபடி பார்க்கும்போது, பந்து உருளும் ஷாட்களில் போவியின் தோள் அசையாமல் இருப்பதையும் முழங்கை வரும் கோணத்தையும் கவனியுங்கள், பிடிபட்டுவிடும். 'மேஜிக் டான்ஸ்' பாட்டில் குழந்தை குழறும் சத்தமும் போவி போட்டதே. ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்த குழந்தை வாயைத் திறக்க மறுத்துவிட்டது.

1986இல் சுமார் 2.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம், அமெரிக்கத் திரையரங்குகளில் அதில் பாதியளவே வசூலித்தது. பிறகு வீடியோ கேசட்டில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்கள்.

ஜேம்ஸ் பாண்ட் வில்லன் வேடத்தை மறுத்தது உண்மையா?

உண்மை. 'எ வியூ டு எ கில்' (1985) படத்தின் மேக்ஸ் சோரின். கிறிஸ்டோபர் வாக்கன் நடித்தார்.

எந்தப் படங்களைத் தவிர்க்கலாம்?

'ஜஸ்ட் எ ஜிகோலோ' (1978). போஸ்டரில் மார்லின் டீட்ரிச்சும் போவியும். படத்தில் இருவரும் பேசிக்கொள்கிறார்கள், ஆனால் நேரில் சந்திக்கவே இல்லை: டீட்ரிச் பாரிஸை விட்டு நகர மறுத்ததால் அவர் காட்சிகளை அங்கே எடுத்து, பெர்லினில் எடுத்த போவியோடு ஒட்டினார்கள். ஒட்டு தெரிகிறது. 'தி லிங்குவினி இன்சிடென்ட்' (1991) ஆர்வத்துக்குப் பார்க்கலாம். 'அப்சல்யூட் பிகினர்ஸ்' (1986) படம் ஓடவில்லை, அதன் தலைப்புப் பாட்டு பிரிட்டனில் 2ஆம் இடம் போனது, பாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பொதுவாக ஒரு கணக்கு உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரியான சாதாரண மனிதராக அவரைப் போட்ட படங்கள் தேறவில்லை. வேற்றூர், வேற்றுலகம், வேற்றுக் காலத்து ஆளாகப் போட்டவர்கள் பிழைத்தார்கள்.

சின்ன வேடங்களில் எவை பார்க்கத் தக்கவை?

ஸ்கோர்செசியின் 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்' (1988) படத்தில் பொந்தியு பிலாத்து. சில நிமிடமே, குரலே உயர்வதில்லை. 'பாஸ்கியா' (1996) படத்தில் ஓவியர் ஆண்டி வார்ஹால். வார்ஹாலை நேரில் அறிந்தவர் என்பதோடு, பிட்ஸ்பர்க் வார்ஹால் அருங்காட்சியகத்தில் இருந்து இரவல் வாங்கிவந்த வார்ஹாலின் சொந்த விக்கையே தலையில் வைத்து நடித்தார். 'தி பிரெஸ்டீஜ்' (2006) டெஸ்லாவுக்கு முதலில் மறுத்தார். கிறிஸ்டோபர் நோலன் நியூயார்க் போய் நேரில் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

'ட்வின் பீக்ஸ்: ஃபயர் வாக் வித் மி' (1992) படத்தில் பிலிப் ஜெஃப்ரிஸாக வந்து மறையும் காட்சி எடிட்டிங்கில் வெகுவாகச் சுருங்கியது, முழுமையான வடிவம் 2014இல் வந்த 'தி மிஸ்ஸிங் பீசஸ்' தொகுப்பில் இருக்கிறது. அந்த லூசியானா உச்சரிப்பு தனக்குச் சரியாக வரவில்லை என்ற குறை அவருக்கு இருந்தது. 2017 தொடரில் பழைய காட்சியைப் பயன்படுத்த அனுமதி கேட்டபோது, லூசியானாக்காரர் ஒருவரைக் கொண்டு டப்பிங் செய்ய வேண்டும் என்பதே நிபந்தனை. அப்படியே செய்தார்கள்.

'போவி பாண்டு' என்பது என்ன?

இந்த பாண்டு கடன்பத்திரம். 1990க்கு முந்தைய 25 ஆல்பங்களில் இருந்து வருங்காலத்தில் வரப்போகும் ராயல்டியை ஈடாக வைத்து 1997இல் வெளியிட்டது. மொத்தத்தையும் புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனம் 5.5 கோடி டாலருக்கு வாங்கியது, வட்டி 7.9 சதவீதம். சராசரி ஆயுள் 10 ஆண்டு. வருடாவருடம் வர வேண்டிய காசு மொத்தமாகக் கையில் வந்தது. பாட்டுகள் கைமாறவில்லை, வருமானம் மட்டும் அடமானம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, பழைய மேலாளர் டோனி டெஃப்ரிஸிடம் இருந்த தன் பாட்டுகளின் பங்கை மீட்டார்.

தவறு எங்கே? இரண்டே ஆண்டில், இணையத்தில் பாட்டை இலவசமாகப் பகிரும் நாப்ஸ்டர் வந்தது, சிடி விற்பனை சரிந்தது. 2004இல் கடன்பத்திரங்களைத் தரம்பிரிக்கும் மூடிஸ் நிறுவனம் தரமதிப்பை ஏ3இல் இருந்து பிஏஏ3க்கு இறக்கியது. அதற்குக் கீழே ஒரு படி போனால் குப்பைப் பத்திரம். ஆனாலும் தவணை தவறவில்லை, 2007இல் முடிந்து, வருமானம் போவியிடம் திரும்பியது. கடன் கொடுத்தவர் தலையில் அபாயத்தை வைத்துவிட்டு, சிடி விலை உச்சத்தில் இருந்தபோதே காசாக்கிக்கொண்டவர் போவி. இதைத் திட்டம் என்பதா அதிர்ஷ்டம் என்பதா என்று தெரியாது, கணக்கு அவருக்குச் சாதகமாக விழுந்தது.

2004க்குப் பிறகு ஏன் காணாமல் போனார்?

இதயக் குழாய் அடைப்பு. 2004 ஜூன் 25, ஜெர்மனியின் ஷேசல் ஊரில் ஹரிகேன் விழாவில் பாடி முடித்ததும் மருத்துவமனை. மீதிப் பயணம் ரத்து. அதன்பின் முழு நீளக் கச்சேரிக்கு அவர் திரும்பவில்லை. 2013 ஜனவரி 8, தன் 66ஆம் பிறந்தநாளில், முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு புதுப் பாட்டை வெளியிட்டார். உடன் வாசித்தவர்கள் ரகசியம் காக்க ஒப்பந்தம் கையெழுத்திட்டிருந்தார்கள்.

கடைசி வேலைகளில் ஒன்று 'தி மேன் ஹூ ஃபெல் டு எர்த்' படத்தின் பழைய நியூட்டனுக்குத் திரும்பியது. நாடகாசிரியர் எண்டா வால்ஷுடன் சேர்ந்து எழுதிய 'லாசரஸ்' இசைநாடகம் 2015 டிசம்பரில் நியூயார்க்கில் அரங்கேறியது. செத்துப்போக முடியாமல் பூமியிலேயே மாட்டிக்கொண்ட அதே வேற்றுக்கிரகவாசியாக மைக்கேல் சி. ஹால் நடித்தார். 'பிளாக்ஸ்டார்' ஆல்பம் 2016 ஜனவரி 8 அன்று வந்தது. இரண்டு நாள் கழித்து, 69 வயதில், கல்லீரல் புற்றுநோயால் காலமானார். அமெரிக்கப் பட்டியலில் அவருக்கு 1ஆம் இடம் வாங்கிக்கொடுத்த முதல் ஆல்பம் அதுதான்; அடுத்த ஆண்டு ஐந்து கிராமி.

புதிதாகத் தொடங்குகிறேன். எந்த வரிசையில் போவது?

வெளியான வரிசையில் வேண்டாம், முதல் ஆல்பத்திலேயே ஓடிவிடுவீர்கள். 'ஹங்கி டோரி' (1971) கேளுங்கள். பியானோ, மெட்டு, எளிதாக ஒட்டும். அடுத்து ஜிக்கி ஆல்பம். பிறகு நேராக 'ஸ்டேஷன் டு ஸ்டேஷன்', அன்றிரவே 'தி மேன் ஹூ ஃபெல் டு எர்த்'; ஒன்று மற்றதைத் திறக்கும். 'லோ' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் பாட்டென்று எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் கருவியிசை. 'பிளாக்ஸ்டார்' கடைசிக்கு வையுங்கள். குழந்தைகளோடு பார்க்க 'லேபிரிந்த்' மட்டும். ரோக் படத்திலும் 'தி ஹங்கர்' படத்திலும் நிர்வாணக் காட்சிகள் உண்டு.

அவருடைய உடைகள், கையெழுத்துப் பிரதிகளை நேரில் பார்க்க முடியுமா?

முடியும். கிழக்கு லண்டனில், ஒலிம்பிக் பூங்காவில் உள்ள வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸில் (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேமிப்புக் கட்டடம்) 2025 செப்டம்பரில் டேவிட் போவி மையம் திறந்தது. 90,000க்கும் மேற்பட்ட பொருள்கள்: உடைகள், கருவிகள், பாட்டு வரிகள், எடுக்காமல் போன படங்களுக்கான குறிப்புகள். அனுமதி இலவசம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது கொஞ்சமே. மற்றவற்றில் வேண்டியதைப் பட்டியலில் தேர்ந்தெடுத்து முன்பதிவு செய்தால், ஒரு தடவைக்கு ஐந்து பொருள்வரை எடுத்துவைத்துக் காட்டுவார்கள். பயணத் தேதி முடிவானதுமே பதிவு செய்துவிடுங்கள். போய் நின்றுகொண்டு கேட்டால் நடக்காது.